கிடைத்த இடம்: கொக்குத்திட்டு

6 பிப்ரவரி 2024, செவ்வாய்

காலையிலிருந்து மின்சாரம் இல்லை. வீட்டுக்காரர் ஸ்டீபன் எட்டிப் பார்த்து, "பொன்னேரிலயே இல்லியாம் மா" என்று சொல்லிவிட்டுப் போனார். பொன்னேரியும் இருட்டில் இருந்தால் எனக்கு வெளிச்சம் வந்துவிடும் என்று நினைப்பு.

சுபஸ்ரீ போன் செய்தாள். என்னிடம் ஆராய்ச்சி செய்தவள், இன்று பேராசிரியை. காசு ஆராய்ச்சிக்கு வந்த முதல் பெண் என்று எனக்குப் பாராட்டு மலர் போடுகிறார்களாம். ஆகஸ்டில் விழா. "எல்லாரும் எழுதிட்டாங்க மேடம். நீங்க ஒரு கட்டுரை தரணும். புதுசா இருக்கணும்."

புதுசா! அறுபத்தெட்டு வயதில் என்னிடம் என்ன புதுசு இருக்கிறது? ஒரு பழைய பிடிவாதம்தான் இருக்கிறது. ஒரு பக்கம் கப்பல், மறுபக்கம் காளை போட்ட ஈயக் காசு, புளியங்கொட்டை அளவில். அது வடக்கேயிருந்து வியாபாரிகளோடு வந்தது என்பது பெரியவர்கள் வாக்கு. இல்லை, இந்தப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் புழங்கியது என்பது என் வாக்கு. ஆனால் என் கைக்கு வந்த ஒவ்வொன்றும் கடைக்காரர்களிடமிருந்தும் சேகரிப்பவர்களிடமிருந்தும் வந்தது. எங்கே கிடைத்தது என்று கேட்டால் "ஆந்திரா சைடு" என்பார்கள். ஆந்திரா என்ன இவர்கள் கொல்லைப்புறமா? இன்ன மண்ணிலிருந்து எடுத்தது என்று கைகாட்டிச் சொல்லக்கூடிய ஒரே ஒரு காசு வேண்டும். அதற்காகத்தான் சென்னை வீட்டை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தேன். வந்து ஏழு வருடம். ஊரில் எனக்குக் காசம்மா என்று பெயர் கிடைத்தது. காசு கிடைக்கவில்லை.

"பார்க்கிறேன்" என்றேன் சுபஸ்ரீயிடம்.

9 பிப்ரவரி, வெள்ளி

வலது கண்ணில் புரை முற்றிவிட்டதாம். ஆகட்டும், மழைக்கு முன்னால் பார்த்துக்கொள்ளலாம்.

19 பிப்ரவரி, திங்கள்

முதலில் இதை எழுதிவிட வேண்டும்.

ஜமுனா வந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் இறால் கொண்டுவந்து கொடுப்பவள். ஏரிச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிறவள். இன்று திங்கள், கையில் இறாலும் இல்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள்.

"இத்தப் பாரும்மா. வாய் ஓயாம கேட்டுகினே இருப்பியே, அதானா இது? நேத்து தூங்கசொல்லோதான் ஒம் ஞாபகம் வந்துச்சு."

வெள்ளையாகப் பூத்துப்போன ஒரு ஈயத் துண்டு. ஓரத்தில் சிப்பி ஒட்டியிருந்தது. லென்ஸை எடுத்து இடது கண்ணில் வைத்துப் பார்த்தேன். இரண்டு பாய்மரம். கீழே கப்பலின் வயிறு. திருப்பினால் காளையின் திமில்.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அழுதுவிட்டேன். ஜமுனா பயந்துபோனாள். "இன்னாமா, செத்தவங்க காசா? தொட்டிருக்கக் கூடாதா?"

எங்கே கிடைத்தது? நாற்பது வருடமாக நான் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த கேள்வி. அவள் யோசிக்கக்கூட இல்லை. "கொக்குத்திட்டாண்ட. எறா தடவசொல்லோ கையில தட்டுச்சு. இன்னும் நாலஞ்சு கெட்ச்சுதும்மா. அத்தையெல்லாம் எங்கூட்டுக்காரு எடுத்துகினாரு."

எதற்கு என்றேன்.

"வலைக்கு."

20 பிப்ரவரி, செவ்வாய்

காலையிலேயே ஜமுனா வீட்டுக்குப் போனேன். அவள் கணவன் சின்னதம்பி வாசலில் வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். வலையின் அடிக்கயிறு சேற்றைத் தொட்டுக்கொண்டு நிற்க ஈயம் கட்டுவார்கள். கடையில் வார்த்த குண்டு வாங்க மனம் வராதவர்கள், கிடைக்கிற பழைய ஈயத்தைக் கயிற்றின்மேல் மடித்துச் சுத்தியால் இரண்டு தட்டு தட்டிவிடுவார்கள். அப்படித்தான் தட்டியிருந்தான். என் காசுகள் மடித்த வெற்றிலை மாதிரிக் கயிற்றைக் கவ்விக்கொண்டு கிடந்தன. ஒன்றின் மடிப்புக்கு வெளியே பாய்மரத்தின் நுனி மட்டும் தெரிந்தது.

"இது காசுப்பா" என்றேன்.

"காசா? ஈயம்மா இது. ஈயத்த இன்னா பண்ணுவாங்க, வலையில கட்டுவாங்க. எங்க நைனாவும் அப்படித்தான் கட்னாரு."

எங்க நைனாவும்! எத்தனை காலமாக, எத்தனை வலைகள். கடைத்தெருவுக்குப் போய்ப் புதுக் குண்டுகள் வாங்கிவந்து மாற்றிக்கொண்டேன். பழைய ஈயத்துக்குப் புது ஈயம் கொடுக்கிற கிறுக்கச்சியைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. "இந்த ஈயம் மீன் புடிக்காதா காசம்மா?" என்று ஒருத்தி கேட்க எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கயிற்றிலிருந்து எடுத்ததை அப்படியே வைத்திருக்கிறேன், பிரிக்கவில்லை. பிரித்தால் மடிப்பில் விண்டுவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஏழு வருடமாக இந்த ஊர் முழுக்க "பழைய காசு கிடைத்தால் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறேன். அவர்களுக்குக் காசு என்றால் பளபளவென்று செம்பும் வெள்ளியும். இதை யாரும் காசு என்று பார்க்கவே இல்லையே. "ஈயம் கிடைக்கிறதா?" என்று ஒரு தடவை கேட்டிருந்தால் முதல் வருடமே கிடைத்திருக்கும். இத்தனை படித்து, கேட்கத் தெரியாமல் கேட்டிருக்கிறேன். யாரை நொந்துகொள்வது?

24 பிப்ரவரி, சனி

கொக்குத்திட்டுக்குப் போய்வந்தேன். சின்னதம்பி படகில் அழைத்துப் போனான். முகத்துவாரத்துக்கு உள்ளே, ஏரி ஆழமில்லாத இடத்தில் ஒரு சேற்று மேடு. நீர் வற்றும்போது முதுகு தெரியும். சுற்றிலும் பெண்கள் தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்துகொண்டே இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டிருந்தார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறி. அதன் கயிறு பல்லில். வாயில் கயிறு இருப்பதால் வேலை நேரத்தில் யாரும் பேசுவதில்லை. ஜமுனா என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணாலேயே இடத்தைக் காட்டினாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். மேல்சேற்றுக்குக் கீழே கறுப்புக் களி. அதில் பானை ஓடு. ஓடு, சிப்பி, மறுபடி ஓடு. இது வெள்ளத்தில் அடித்துவந்து கிடந்த காசு இல்லை. இங்கே மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். நான் சொன்னது சரி. இவ்வளவு காலமும் நான் சொன்னது சரி!

கரைக்குத் திரும்பும்போது ஜமுனாவும் படகில் ஏறிக்கொண்டாள். பறியை இறக்கிவைத்துவிட்டுத்தான் பேச்சு.

"நீ எழுதுவியாமா இத்த?"

"பின்னே? எழுதத்தானே வந்தேன்."

"காசப் பத்தி எழுது. படம் போடு. எடத்த மட்டும் சொல்லாத."

ஏன் என்று கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கோயிலாண்ட பழைய செங்கல்லு வந்துச்சுனு கம்பி வேலி போட்டாங்களே, பாக்கல நீ? ஆடுகூட உள்ள போவ முடியாது. இங்கயும் கயிறு கட்டிட்டாங்கன்னா நாங்க எங்கமா போவோம்? மத்த எடமெல்லாம் பாட்டுக்காரங்களது."

பாடு என்றால் முறை. ஏரியில் எந்த ஊர் எந்த நாள் எங்கே வலை கட்டலாம் என்று கோட்டைக்குப்பம் மாதிரியான ஊர்கள் தங்களுக்குள் வைத்திருக்கிற ஏற்பாடு. ஜமுனாவின் ஆட்களுக்குப் பாடு கிடையாது. பாட்டுக்காரர்கள் வேண்டாம் என்று விட்ட இடத்தில்தான் கை வைக்கலாம். அப்படி விட்ட இடங்களில் இறால் நிறைய வருவது கொக்குத்திட்டு ஒன்றுதான்.

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

"எம் பொண்ணு மேல சத்தியமா?"

"அவள் மேல் எதற்கு? என் மேலேயே சத்தியம்."

கோபத்திலிருந்தவள் சிரித்துவிட்டாள்.

3 மார்ச், ஞாயிறு

சுபஸ்ரீக்குப் படங்களை அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் போன். முதலில் சந்தோஷக் கூச்சல். பிறகு, எதிர்பார்த்த கேள்வி.

"எங்க மேடம் கிடைச்சது?"

"அதைச் சொல்ல முடியாது."

அவள் மெதுவாக, "மேடம், என் ஆராய்ச்சியில பாதிக் காசுக்கு இடம் இல்லைனு திருப்பிக் கொடுத்தீங்க. ரெண்டு வருஷம் மறுபடி அலைஞ்சேன். கைக்குழந்தையோட அலைஞ்சேன்" என்றாள்.

ஞாபகம் இருக்கிறது என்றேன்.

11 மார்ச், திங்கள்

தூக்கம் சரியில்லை. பழையதெல்லாம் மேலே வருகிறது.

நான் மியூசியத்தில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் காசு அலமாரிச் சாவியைப் பெண்ணிடம் கொடுக்க மாட்டார்கள். எழுதாத சட்டம். ஒவ்வொரு தட்டையும் பியூன் திறந்து கொடுப்பார், நான் பார்ப்பேன், அவர் பூட்டுவார். அவர் டீ குடிக்கப் போனால் நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். அந்தச் சும்மா நேரத்தில்தான் தட்டுகளில் செருகிய சீட்டுகளைப் படிக்க ஆரம்பித்தேன். சீட்டுக்குச் சீட்டு ஒரே வாசகம். கிடைத்த இடம்: தெரியவில்லை. ஒரு ராஜா பேர், ஒரு எடை, பிறகு தெரியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அனாதைப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திவைத்து அழகு பார்க்கிறார்களே என்று.

அந்தக் கோபம்தான் என் வேலை முழுக்க. மற்றவர்கள் ராஜாக்களைத் தேடினார்கள், நான் இடத்தைத் தேடினேன். கூட்டங்களில் நான் எழுந்தாலே "எங்கே கிடைச்சதுன்னு கேக்கப் போறாங்க" என்று பின்வரிசையில் சிரிப்பு. கேட்பேன். ஈயக் காசை மரப்பெட்டியில் வைக்காதீர்கள், அரித்துவிடும் என்பேன். அதற்கும் சிரிப்பார்கள். பத்து வருடத்தில் சிரிப்பு நின்றது. இருபது வருடத்தில் அவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள்.

இப்போது நானே அந்தச் சீட்டை எழுதப் போகிறேனா?

கல்யாணம் வேண்டாம் என்றேன், பிள்ளை குட்டி இல்லை. இந்த ஒரு கேள்விதான் நான் பெற்றது. அதன் கழுத்தை நானே நெரிப்பதா?

எழுதினால் ஜமுனா எங்கே போவாள்?

12 மார்ச், செவ்வாய்

கட்டுரையில் இடத்தை எழுதப் போவதில்லை. முடிவு செய்தாயிற்று. இனி இதைப் பற்றி யோசிக்கக் கூடாது.

29 மார்ச், வெள்ளி

பெரிய வெள்ளி. ஸ்டீபன் வீட்டிலிருந்து கஞ்சி வந்தது.

கட்டுரையை அனுப்பிவிட்டேன். காசுகளையும் மியூசியத்தில் ஒப்படைத்துவிட்டேன். பிளாஸ்டிக் பெட்டியில்தான், மரத்தில் இல்லை. சீட்டில் எழுதினேன். கிடைத்த இடம்: தெரியவில்லை. என் கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது.

16 மே, வியாழன்

கட்டுரையைப் படித்தவர்களின் கருத்தைச் சுபஸ்ரீ அனுப்பியிருக்கிறாள். காசு அருமையானது, ஆனால் இடம் தெரியாத காசை வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் புழங்கியது என்று சொல்வதற்கில்லை. சான்றாக என் பழைய கட்டுரையையே காட்டியிருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். சொல்லிக்கொடுத்ததை மறக்கவில்லை.

மலரின் கடைசியில் இரண்டு பக்கக் குறிப்பாகப் போடுகிறாளாம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

கடலில் மீன்பிடித் தடைக் காலம். ஊர் முழுக்க வலை தைக்கிறார்கள். ஏரியில் மட்டும் பெண்கள் தடவிக்கொண்டிருக்கிறார்கள். அந்தி வெளிச்சத்தில் தலை தலையாகத் தெரிகிறது. பார்த்தால் மனம் ஆறுகிறது. இதற்காகத்தானே வாயை மூடிக்கொண்டேன் என்று தோன்றுகிறது. தியாகம் செய்வதில் ஒரு ருசி இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது.

8 ஜூலை, திங்கள்

ரேஷன் கடைக்குப் போனவள் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒரு நோட்டீஸைப் பார்த்தேன். முகத்துவாரத்தைத் தூர் வாரப் போகிறார்கள். வாரிய மண்ணைக் கொட்ட மூன்று இடம் குறித்திருக்கிறார்கள். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் மாதக் கடைசிக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பக்கத்தில் ஒரு வரைபடம். புரைக்கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தேன். மூன்றாவது வட்டம் கொக்குத்திட்டு மேலேயே விழுகிறது.

சுற்றி நின்று யாரும் படிக்கவில்லை. நோட்டீஸ் எழுதியிருக்கிற தமிழை நானே இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது.

9 ஜூலை, செவ்வாய்

என்ன செய்ய?

ஆட்சேபம் எழுத வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். என்னிடம் இருக்கிற காரணம் ஒன்றுதான். கீழே பழைய குடியிருப்பு இருக்கிறது, காசு கிடைத்திருக்கிறது. அதை எழுதினால் வேலி வரும். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தவள் நான். அதற்காகக் கட்டுரையையே பலி கொடுத்தவள். இப்போது அரசாங்கத்துக்கு எழுதினால் அது வாக்குத் தவறுவது இல்லையா?

இத்தனைக்கும் மூன்றில் ஒரு இடம்தான் அது. மூன்றிலும் கொட்டுவார்களா? இந்த ஊரில் எத்தனை நோட்டீஸ் ஒட்டினார்கள், எது நடந்தது?

சொன்ன சொல் சொன்னதுதான். பேசாமல் இருப்போம்.

26 ஜூலை, வெள்ளி

ஜமுனா இறால் கொண்டுவந்தாள். நோட்டீஸ் விஷயம் வாய்வரை வந்தது. அவள் மகள் தேவி பிளஸ் டூ முடித்துவிட்ட பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தாள், நடுவில் எதற்கு என்று விட்டுவிட்டேன். திங்களன்று கண் ஆபரேஷன். வந்து சொல்லிக்கொள்ளலாம்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

விழா முடிந்தது. சென்னையில் சுபஸ்ரீ வீட்டில் இருக்கிறேன். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. மேடையில் சினிமாக்காரி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஒவ்வொருவராக வந்து பேசினார்கள். அலமாரிச் சாவி கதையைச் சொன்னார்கள். ஒரு காசு எங்கே கிடைத்தது என்று கேட்க நமக்குக் கற்றுக்கொடுத்தவர் என்றார்கள். கைதட்டல். பொன்னாடை. மலரின் கடைசியில் என் குறிப்பு இருக்கிறது, கிடைத்த இடம் தெரியவில்லை என்று. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பெரிய மனிதர்கள் தடுமாறினால் பார்க்காதது மாதிரி இருப்பார்கள் இல்லையா, அந்த மரியாதை.

இரவு சாப்பாட்டின்போது சுபஸ்ரீ, "ஏதோ காரணம் இருக்கும்னு தெரியும் மேடம்" என்றாள். அவளை நான் அலைய விட்ட இரண்டு வருடத்துக்கு அவள் இதைவிடக் கடுமையாகக் கேட்டிருக்கலாம். இன்னும் கொஞ்சம் ரசம் விட்டுக்கொண்டேன்.

18 செப்டம்பர், புதன்

காலையில் தூரத்தில் எஞ்சின் சத்தம். கரைக்குப் போனேன். ஆபரேஷன் ஆன கண்ணுக்கு எல்லாம் துல்லியமாகத் தெரிகிறது. முகத்துவாரத்தில் தூர் வாரும் இயந்திரம். அங்கிருந்து பாம்பாகத் தண்ணீர்மேல் நெளிந்து வரும் பெரிய குழாய். அதன் வாயிலிருந்து கறுப்பு மண்ணும் தண்ணீரும் கொட்டிக்கொண்டிருந்தன.

கொக்குத்திட்டின் மேல்.

கரையில் பறியும் கையுமாகப் பெண்கள். யாரும் பேசவில்லை. வாயில் கயிறு இல்லாமலே பேசவில்லை.

19 செப்டம்பர், வியாழன்

கண்ட்ராக்ட் வேலையைப் பார்க்கிற என்ஜினியர் சிவகுமார் என்று ஒரு பையன். தகர ஷெட்டில் உட்கார்ந்திருந்தான். மரியாதையாக நாற்காலி போட்டான். எல்லாவற்றையும் சொன்னேன். காசு, ஓடு, கறுப்புக் களி. இனி யாரிடம் மறைக்க?

அவன் வரைபடத்தை விரித்தான். "மேடம், மொதல்ல மூணு எடம் போட்டிருந்தோம். கோட்டைக்குப்பத்துக்காரங்க எழுதிக் குடுத்தாங்க, எங்க பாட்டுல கொட்டாதீங்கனு. உடனே அத எடுத்துட்டோம். அந்த மண்ணும் சேத்துதான் இப்ப இங்க வருது. இந்தத் திட்டுக்கு யாரும் ஒண்ணும் எழுதல."

காரணம் என்ன எழுத வேண்டியிருந்தது என்று கேட்டேன்.

"காரணமா? நாங்க இங்க மீன் பிடிக்கிறோம்னு ஒரு வரி போதும் மேடம். எங்களுக்கு எங்க கொட்டுனாலும் ஒண்ணுதான். தள்ளிக் கொட்டியிருப்போம்."

இங்கே இறால் பிடிக்கிறோம். அவ்வளவுதான். காசைப் பற்றி ஒரு எழுத்து வேண்டாம். சத்தியத்தின்மேல் ஒரு கீறல் விழுந்திருக்காது. ஜமுனாவும் அவள் கூட்டமும் ஒரு தாளில் கைநாட்டு வைத்திருந்தால் முடிந்தது. எனக்கு அது தோன்றவே இல்லை. தோன்றவே இல்லையே! அந்த இடத்தை நான் என் காசு கிடைத்த இடமாகத்தான் பார்த்திருக்கிறேன். கண்ணெதிரே அவ்வளவு பேர் அங்கே தடவிக்கொண்டிருந்தார்கள்.

20 செப்டம்பர், வெள்ளி

ஜமுனா வரவில்லை.

23 செப்டம்பர், திங்கள்

இன்று நானே போனேன். வீட்டு வாசலில் பறி கவிழ்த்து வைத்திருந்தது. அவள் உட்காரச் சொன்னாள். உட்காராமல் சொன்னேன். ஜூலையிலேயே நோட்டீஸைப் பார்த்தேன், உன்னிடம் சொன்ன வாக்குக்காகப் பேசாமல் இருந்துவிட்டேன் என்று.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"நான் சொல்லாதன்னது ஒம் புஸ்தகத்துலமா. மண்ணு கொட்றவங்ககிட்ட சொல்லாதன்னா சொன்னேன்?"

அப்போதுதான் உட்கார்ந்தேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே சொல்லிருப்பேனே, சொல்லிடுமானு. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வந்துகினுதானே இருந்தேன். ஒங்கூட்டு நாக்காலி மேல உக்காந்துகினு இருந்தேனே."

சின்னதம்பி உள்ளேயிருந்து, "வுடு, அது வயசானவங்க" என்றான். அதுதான் தாங்க முடியவில்லை. வயசானவங்களாம். வயசு என்னடா பண்ணுச்சு? நல்லா இருந்துச்சே மூளை, எல்லாத்துக்கும் இருந்துச்சே. கட்டுரை எழுத இருந்துச்சு, கண்ணாடி போட்டுகிட்டு மேடையில உக்கார இருந்துச்சு. இவகிட்ட ஒரு வார்த்தை கேக்க மட்டும் இல்லாம போச்சு. எல்லார்கிட்டயும் எங்க கிடைச்சது எங்க கிடைச்சதுன்னு கேட்டேனே, உனக்கு என்ன வேணும்னு கேட்டேனா?

எழுதினதை அடிக்க மனமில்லை. இருக்கட்டும்.

30 செப்டம்பர், திங்கள்

சுபஸ்ரீக்கு எழுதிவிட்டேன். கிடைத்த இடம்: கொக்குத்திட்டு, பழவேற்காடு ஏரி, முகத்துவாரத்துக்கு உட்பக்கம்.

போனில் சொன்னாள். "போடுறேன் மேடம். ஆனா இப்ப யார் போய்ப் பார்க்க முடியும்? உங்க வார்த்தை மட்டும்தானே இருக்கு."

ஆமாம். நான் யாருடைய வெறும் வார்த்தையையும் ஒப்புக்கொண்டதில்லை. என்னுடையதை அவர்கள் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

7 அக்டோபர், திங்கள்

ஜமுனாவையும் இன்னும் சில பெண்களையும் அழைத்துக்கொண்டு அந்தத் தகர ஷெட்டுக்குப் போனேன். மனு எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தேன். சிவகுமார் படித்துப் பார்த்து, கொட்டுவதை நிறுத்தச் சொல்கிறேன் என்றான். நிறுத்தியும்விட்டான். ஆனால் கொட்டியதை அள்ள முடியாது. திட்டு இப்போது ஆள் உயரத்துக்குக் காய்ந்த மணல். மேலே நாய் ஓடுகிறது.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். எனக்குக் கண் தெரிந்த பிறகு.

27 அக்டோபர், ஞாயிறு

மழை பிடித்துக்கொண்டது. இறால் பருவம் இது. பெண்கள் வேறு இரண்டு இடத்தில் இறங்கிப் பார்த்திருக்கிறார்கள். பாட்டுக்காரர்கள் விரட்டிவிட்டார்கள். தகராறு போலீஸ் வரைக்கும் போனது. நான் ஊர்ப் பெரியவர்களிடம் பேசிப் பார்த்தேன். "நீங்க காசப் பாருங்கம்மா" என்றார்கள்.

ஜமுனா மீஞ்சூரில் ஒரு கம்பெனி கேண்டீனில் காய் நறுக்கும் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். விடிவதற்குள் பஸ், பிறகு ரயில். சின்னதம்பி சொல்லித்தான் தெரிந்தது.

5 டிசம்பர், வியாழன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. சென்னைக்கே வந்துவிடுங்கள் என்கிறாள் சுபஸ்ரீ. வரமாட்டேன். இங்கே இருந்து என்ன செய்யப் போகிறேன் என்று கேட்டாள். தெரியாது.

12 ஜனவரி 2025, ஞாயிறு

ஜமுனா வந்தாள்!

பொங்கலுக்குக் கம்பெனியில் கொடுத்த ஸ்வீட் பெட்டியைக் கொண்டுவந்தாள். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். கேண்டீனில் பெரிய மேஸ்திரி திட்டுவதை நடித்துக் காட்டினாள். ரயிலில் அனுப்பம்பட்டில் ஏறுகிற ஒரு பெண்ணோடு சிநேகமாம். தேவியைக் கல்லூரியில் சேர்த்தாயிற்று. ஏரியைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அவள் வருவாள் என்று சின்னதம்பி சொல்லியிருந்ததால் சந்தையில் இறால் வாங்கி வைத்திருந்தேன். முறத்தில் கொட்டி, இரண்டு பேரும் உட்கார்ந்து உரிக்கலாம் என்று நடுவில் வைத்தேன். அவள் கையை நீட்டியவள் நிறுத்திக்கொண்டாள். பிறகு சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் என் முன்னால் விரித்துக் காட்டினாள். பத்து விரலிலும் நகம். மகள் சிவப்புச் சாயம் பூசிவிட்டிருக்கிறாள். சேற்றைத் தடவுகிறவர்களுக்கு நகம் நிற்காது, கல்யாணத்தன்றுகூட இல்லையாம். இப்போதுதான் முதன்முதலாக வளர்ந்திருக்கிறதாம்.

"நல்லா கீதாமா?"

நன்றாக இருக்கிறது என்றேன்.

"ஒடஞ்சிடும்மா. நீயே உரி" என்று முறத்தை என் பக்கம் தள்ளினாள்.

உரித்தேன்.